முகூர்த்தமில்லாத நாட்களில் வகுப்பு நடக்கும்

ஆரணியில் எங்கள் துறை ஒரு கல்யாண மண்டபத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. பல்கலைக்கழகம் தன் விரிவாக்க மையத்துக்காக ஊரில் இடம் தேடிக்கொண்டிருந்தபோது, பட்டுப்புடவை மொத்த வியாபாரி ஒருவர் தன் மண்டபத்தின் மேல்மாடியை வாடகை வாங்காமல் கொடுக்க முன்வந்தார். சொந்தக் கட்டிடம் எழும்பும் வரை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரே ஒரு நிபந்தனை: முகூர்த்த நாட்களில் மாடி அவருக்கு வேண்டும். பல்கலைக்கழகம் சம்மதித்தது. இதழியல் முதுகலைப் படிப்பை அங்கே தொடங்குவதற்கு ஒப்பந்த முறையில் என்னை அனுப்பியது. வந்த முதல் வாரம் நான் கடையில் வாங்கியவை ஒரு சாக்பீஸ் பெட்டி, ஒரு டஸ்டர், ஒரு தினசரி காலண்டர். காலண்டரில் முகூர்த்தம் என்று அச்சிட்டிருந்த தாள்களின் மூலையை மடித்துவிட்டு, மிச்சமிருந்த நாட்களில் பாடங்களைப் பிரித்துப் போட்டேன்.

மாடியில் ஆறு அறைகள். வெளியூரிலிருந்து கல்யாணத்துக்கு வருகிறவர்கள் தங்குவதற்காகக் கட்டியவை. கதவுகளில் பித்தளை எழுத்துகள் பதித்திருந்தார்கள். அவற்றைக் கழற்ற உரிமையாளர் சம்மதிக்கவில்லை. எனவே கணினிகள் ‘மணமகன் அறை’யிலும் நூலகம் ‘மணமகள் அறை’யிலும் இருந்தன. மணமகள் அறையின் ஒரு பக்கச் சுவர் முழுக்க நிலைக்கண்ணாடி. எங்களிடம் இருந்தவை மூன்று அலமாரிகள்தான். உள்ளே நுழைகிறவருக்கு ஆறாகத் தெரியும்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மதியத்தோடு வகுப்பை முடித்துவிடுவோம். மாணவர்களும் நானும் கணினிகளைத் தூக்கிப்போய் என் அறையில் வைத்துப் பூட்டுவோம். புத்தக அலமாரிகளின்மேல் பந்தல் துணியைப் போர்த்துவோம். கல்யாணம் முடிந்து திரும்பி வரும்போது வகுப்பறையில் வாடிய மல்லிகையும் பாதி குடித்த தண்ணீர் பாட்டில்களும் கிடக்கும். மாப்பிள்ளை வீட்டார் கரும்பலகையில் சீட்டாட்டக் கணக்கு எழுதியிருப்பார்கள். தை மாதத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் வகுப்பு நடந்தாலே பெரிய விஷயம். ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களில்தான் பாடம் ஓடும்.

“மேடம், தை மாசம் ஃபுல்லா மண்டபம் கூட்டினோம்னு மார்க் ஷீட்ல தனியா போடுவாங்களா?” என்று ஒருத்தி துடைப்பத்தோடு கேட்டாள்.

“போட்டா, கேட்டரிங்ல வேலை கிடைக்கும்டி” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

முழுநேர ஆசிரியர் நான் ஒருத்திதான். வேலூரிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் இரண்டு கௌரவ விரிவுரையாளர்கள் வாரத்துக்கு ஒருநாள் வந்து, பாடம் முடிந்ததும் பஸ் பிடிக்க ஓடிவிடுவார்கள். மாணவர்கள் மாலையில் கலைந்துவிட்டால் அந்த மாடியில் நானும், கீழே அலுவலகத்தில் மண்டபத்து மேனேஜரும் மட்டும் இருப்போம். சென்னையில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் நிறைய வருடங்கள் வேலை பார்த்தவள் நான். சுற்றிலும் பத்துப் பேர் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் தலைப்பு வைத்துப் பழகியவள். ஆரணியில் முதல் மாதம், யாரும் பேசாத இடத்தில் எனக்குப் படிக்கவே வரவில்லை.

கோட்டைப் பக்கம் ஒரு வீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்திருந்தேன். சாமான் இறக்கின அன்று வீட்டுக்கார அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “வூட்டுக்காரர் எப்ப வருவாரு?” என்றார்.

“கல்யாணம் ஆகலைங்க.”

“தம்பி, தங்கச்சி யாராச்சும் வந்து தங்குவாங்களா?”

“அம்மா இருந்தாங்க. போன வருஷம் தவறிட்டாங்க.”

“அப்படிங்களா” என்று சொல்லி அவர் செம்பை வாங்கிக்கொண்டு இறங்கினார். அதற்குப் பிறகு தண்ணீர் மோட்டார் போடும் நேரத்தைச் சொல்ல மட்டும் படிக்கட்டின் கீழிருந்து கூப்பிடுவார். மோசமான மனுஷி இல்லை. என்னிடம் எதைக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மாலையில் அரிசி ஆலைகளிலிருந்து நெல் அவியும் வாசனை வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு யோசித்துப் பார்த்தேன். அன்று காலையிலிருந்து நான் வாய்விட்டுச் சொன்னது டிபன் கடையில் “ஒரு பார்சல்” என்பது மட்டும்தான்.

பதினொரு மாணவர்கள். அதில் ஒன்பது பேர் பெண்கள். அவர்கள் எல்லோரும் இதழியல்மீது ஆசைப்பட்டு வந்தவர்கள் என்று நான் எந்தக் கட்டத்திலும் நம்பவில்லை. முதுகலை என்று ஒன்று ஆரணியிலேயே வந்திருக்கிறது, வந்தார்கள். கலசப்பாக்கத்திலிருந்து வந்த பெண்ணின் அம்மா சேர்க்கை அன்று அதை மறைக்காமல் சொன்னார்.

“இது இன்னா படிப்புன்னு எனக்குத் தெரியாது மேடம். ஆரணின்னு சொன்னா, அனுப்பறேன். இங்க பஸ் ஸ்டாண்டு எதிர்ல எங்க அண்ணன் செருப்புக்கடை வெச்சிருக்கு. பொண்ணு பஸ்ஸ வுட்டு எறங்கனா அதும் கண்ணுல படும், ஏறனாலும் கண்ணுல படும். வேலூர்ன்னா எனக்கு யாரு இருக்கா அங்க? வேலூர்ன்னா வூட்லயே இருக்கட்டும்.”

மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மற்ற வீடுகளிலும் கிட்டத்தட்ட இதே பேச்சுதான். ஒருத்திக்குச் சித்தப்பா, ஒருத்திக்கு நெசவுக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்த அக்கா. ஊரில் ஒரு கண் இருக்க வேண்டும். அந்தக் கலசப்பாக்கத்துப் பெண்தான் வகுப்பிலேயே சுத்தமாக எழுதுகிறவள் என்பது இரண்டாவது வாரத்தில் தெரிந்தது. போளூர் சந்தை பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவந்தாள். நான் ஒரு காற்புள்ளியை மட்டும் எடுத்தேன்.

மறு வருடம் ஒரு திட்டம் வந்தது. விரிவாக்க மையங்களில் புதிதாகத் தொடங்கிய முதுகலைப் படிப்புகளில் சிலவற்றைத் தேர்ந்து, நிரந்தர ஆசிரியர் பணியிடங்கள், ஆய்வகம், கட்டிடம் எல்லாவற்றுக்கும் நிதி தருவது. தேர்வாகாத படிப்புகளுக்கு அடுத்த வருடம் சேர்க்கை கிடையாது. இருக்கிற மாணவர்களைத் தலைமை வளாகத்துக்கு மாற்றிவிடுவார்கள். தலைமை வளாகம் வேலூரில். எனவே எனக்குக் கணக்கு எளிது. திட்டம் கிடைத்தால் படிப்பு ஆரணியில் நிற்கும், பெண்கள் படிப்பார்கள். கிடைக்காவிட்டால் வேலூர். வேலூர் என்றால் அவர்களில் பாதிப் பேருக்கு மேல் வீட்டில்.

திட்ட அறிக்கையை ஆடி மாதம் முழுக்க உட்கார்ந்து எழுதினேன். செய்தி மேசையில் கற்ற வேலை அது ஒன்றுதான்: தெரிந்ததை எழுது, தெரியாததை எழுதாதே, பெரிய வார்த்தையை எடு. பாடத்திட்டம், வட்டாரச் செய்திகளுக்கு ஆள் இல்லாத நிலை, பட்டு, நெல் இரண்டையும் பற்றி எழுதத் தெரிந்த நிருபர்கள் எத்தனை குறைவு என்பது. மாணவர்கள் எழுதியவற்றில் நல்லதைப் பின்னிணைப்பாகச் சேர்த்தேன். முதல் சுற்றில் எங்கள் படிப்பு தேர்வானது. அடுத்து நேரில் பார்க்க ஒரு குழு வரும் என்று மின்னஞ்சல் வந்தது. ஒரு தேதி கொடுத்து, வசதிப்படுமா என்று கேட்டிருந்தார்கள்.

காலண்டரைப் பார்த்தேன். புரட்டாசி நடு. தாளின் மூலை மடிந்திருக்கவில்லை. புரட்டாசியில் முகூர்த்தம் கிடையாது என்பது அந்த மண்டபத்தில் துடைப்பம் பிடித்த எல்லோருக்கும் தெரியும். வசதிப்படும் என்று பதில் போட்டேன்.

குழு வருவதற்கு முந்தின நாள் மதியம் நாங்கள் சுவரில் மாணவர் பத்திரிகையின் பக்கங்களை ஒட்டிக்கொண்டிருந்தபோது, கீழே லாரி நிற்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பந்தல்காரர்கள் மூங்கில் இறக்கினார்கள். பின்னாலேயே ஒரு வேனில் பிரியாணி அண்டாக்கள். மேனேஜர் இரண்டு போன்களையும் இரண்டு காதில் வைத்துக்கொண்டு நின்றார். ஐம்பது வயதுக்காரர், எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பவர்.

இறங்கிப் போய், “என்னங்க இது?” என்றேன்.

“நாளைக்கு ஒரு கிறிஸ்டின் கல்யாணம் மேடம். காலைல சர்ச்சு, மதியானம் இங்க ரிசப்ஷன், சாப்பாடு.”

“நாளைக்கு முகூர்த்தமே இல்லையே. புரட்டாசி.”

“அதத்தான் மேடம் நானும் சொல்றேன். முகூர்த்தம்னா உங்களுக்கு முன்கூட்டியே சொல்லணும்னு ஓனர் சொல்லிக்கிறாரு. இது முகூர்த்தம் கெடையாது. அதனால சொல்லல.”

அவர் சொன்னதில் ஓட்டை எதுவும் இல்லை.

“முகூர்த்தம் இல்லைன்னா மாடி எங்களுக்குத்தானே? ஒப்பந்தத்துல அப்படித்தான் இருக்கு.”

“இன்னா மேடம் பேசறீங்க. கல்யாணம்னு ஒண்ணு வந்துட்டா அது முகூர்த்தம்தான். பொண்ண எங்க ஒக்கார வெக்கிறது, மொட்டை மாடியிலயா? புரட்டாசில ஹாலு சும்மா கெடக்குதே, வர்றவங்களுக்குக் குடுப்போம்னு ஓனர் குடுத்துட்டாரு. எனக்கும் பேஜார்தான். இந்த மாசத்துல பிரியாணி வாசனைக்கு எங்க வூட்ல என்னை உள்ளயே சேக்க மாட்டாங்க.”

பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தேன். பிரிவு எழுத்தர் எடுத்தார். குழு காலையிலேயே கிளம்பி வேறொரு மையத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றார். “இந்த வாரத்தோட ரிப்போர்ட் குடுத்தாகணும் மேடம். ஆரணி முடியலைன்னு சொல்லிடட்டுமா?”

“வேண்டாம். வரச் சொல்லுங்க.”

சாயங்காலம் கல்யாணப் பெண்ணின் அப்பா வந்தார். அரசுப் பள்ளி ஆசிரியர். மேனேஜர் விஷயத்தைச் சொல்லியிருந்தார் போல. ஏறி வரும்போதே கை கூப்பிக்கொண்டு வந்தார். நான் பேரைச் சொன்னதும் முகம் மாறியது.

“அம்மா நம்ம ஜனமா? எந்தச் சபை?”

சொந்த ஊர்ச் சபையின் பேரைச் சொன்னேன். சென்னைக்குப் போனபின் கோயிலுக்கு ஒழுங்காகப் போனதில்லை என்பதைச் சொல்லவில்லை.

“அப்ப புரட்டாசின்னா நமக்கு இன்னாம்மா? மத்தவங்க மறந்தா சரி. உங்களுக்குமா தெரியாம போச்சு?” என்று சிரித்தார்.

என் அப்பா அம்மா கல்யாணம் நடந்ததே ஒரு புரட்டாசியில்தான். மண்டபம் சல்லிசாகக் கிடைத்ததாக அம்மா சொல்வாள். ஒன்றரை வருடம் வேறொருவர் காலண்டரில் வாழ்ந்ததில் அது எனக்கு நினைவே வரவில்லை.

அவர் முடிந்ததைச் செய்தார். உறவினர்களைக் கீழே தங்கச் சொல்லி நான்கு அறைகளை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். மணமகன் அறையையும் விட்டார். “மாப்பிள்ளை எங்கியாச்சும் நிப்பான்” என்றார். மணமகள் அறையை மட்டும் விட முடியவில்லை. அங்கேதான் கண்ணாடி.

மறுநாள் குழு வந்தபோது வாசலில் பூ அலங்காரக் கார் நின்றது. குழுவில் இருவர். தலைவர், வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வுபெற்ற பேராசிரியை. வெள்ளை முடி, பருத்திப் புடவை, குறைவாகப் பேசுபவர். இன்னொருவர் நிதி அலுவலர். வாசலில் நின்ற இரண்டு சிறுமிகள் அவர்கள்மேல் பன்னீர் தெளித்து ரோஜாப்பூ கொடுத்தார்கள். நிதி அலுவலர் பூவைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மாடி வரை கொண்டுவந்தார்.

எங்கள் மாணவிகள் குழு வருவதற்காகப் புடவை கட்டியிருந்தார்கள். கல்யாணத்துக்கு வந்திருந்தவர்களும் புடவை. மாடி வராந்தாவில் எல்லோரும் கலந்து நின்றார்கள்.

“இதுல உங்க ஸ்டூடண்ட்ஸ் யாரு?” என்று நிதி அலுவலர் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கலசப்பாக்கத்துப் பெண் சொன்னாள்: “கழுத்துல நகை இருந்தா அவங்க சார். ஐடி கார்டு இருந்தா நாங்க.”

பேராசிரியை சிரித்தார்.

வகுப்பறையைப் பார்த்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த பக்கங்களைப் பேராசிரியை கண்ணாடி போட்டுக்கொண்டு நின்று படித்தார். மேம்போக்காகப் பார்த்துவிட்டு நகரவில்லை. இரண்டு செய்திகளை முழுக்கப் படித்தார். யார் எழுதியது என்று கேட்டு, அந்தப் பெண்ணிடம் பேசினார். மணமகன் அறையில் கணினிகளைப் பார்த்தார்கள். மாப்பிள்ளைத் தோழன் ஒருவன் அங்கே போன் சார்ஜ் போட்டிருந்தான். எழுந்து நின்று வணக்கம் சொன்னான்.

“நூலகம்?” என்றார் நிதி அலுவலர்.

மணமகள் அறைக் கதவைத் தட்டினேன். உள்ளே வெள்ளைப் பட்டுப்புடவையில் மணப்பெண் உட்கார்ந்திருந்தாள். தலைச்சீலையை ஒருத்தி ஊசி குத்திச் சரிசெய்துகொண்டிருந்தாள். பின்னால் எங்கள் அலமாரிகள். பந்தல் துணியைக் காலையிலேயே எடுத்துவிட்டிருந்தோம். மின்விசிறி ஓடியும் வியர்த்ததால் மணப்பெண் மேசையிலிருந்த ஒரு பருவ இதழை எடுத்து விசிறிக்கொண்டிருந்தாள். அது தமிழக நாளிதழ்களின் மொழி பற்றிய சிறப்பிதழ்.

“நீ எந்த வருஷம்மா?” என்றார் பேராசிரியை.

“நான் கல்யாணப் பொண்ணு மேடம்.”

“தெரியுது. என்ன படிச்சிருக்கே?”

“பி.எஸ்சி. மேத்ஸ். மேல படிக்கணும்னு இருந்தேன். ஆரணில இல்ல.” பிறகு கையிலிருந்ததைப் பார்த்துவிட்டு அவசரமாக மேசையில் வைத்தாள். “சாரி மேடம். கிழிக்கல.”

புத்தகங்களைப் பார்க்க வேண்டுமானால் மணப்பெண் எழுந்து நகர வேண்டும். எழுந்தால் ஊசிகள் கழன்றுவிடும். பேராசிரியை கண்ணாடியிலேயே அலமாரிகளைப் பார்த்துவிட்டு, போதும் என்றார்.

கீழே பெண்ணின் அப்பா விடவில்லை. “வூட்டு விசேஷத்துக்கு வந்துட்டு சாப்பிடாம போறதாங்க?” என்று நேராகப் பந்திக்கு அழைத்துப்போனார். நிதி அலுவலர் புரட்டாசி விரதம் என்று சொல்லித் தயிர்சாதம் கேட்டார். பேராசிரியை பிரியாணி சாப்பிட்டார். அவர் பக்கத்தில் நான். எதிரே ஒரு பெரியம்மா என்னிடம், “நீங்க பொண்ணு சைடா, மாப்பிள்ளை சைடா?” என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றேன். “அப்ப ஆர்கெஸ்ட்ராவா?” என்றார்.

காரில் ஏறுவதற்கு முன் பேராசிரியை என் கையைப் பிடித்தார்.

“அறிக்கை ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. நான் பார்த்ததுலயே இதுதான் சுத்தமானது. பசங்களும் நல்லா எழுதறாங்க. இவ்வளவு நல்ல கோர்ஸை ஒரு மண்டபத்துல வெச்சிருக்கக் கூடாதும்மா. நான் பார்த்துக்கறேன்.”

நன்றி சொன்னேன். கார் திரும்பிப் போன பிறகுதான் அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களை மனதுக்குள் இன்னொரு முறை படித்துப் பார்த்தேன். அதற்குள் மாணவிகள் சுற்றிக்கொண்டார்கள்.

“இன்னா சொன்னாங்க மேடம்? கெடைச்சிடுமா?”

“நல்லா எழுதறீங்கன்னு சொன்னாங்க.”

உத்தரவு ஐப்பசிக் கடைசியில் வந்தது. கேட்டதெல்லாம் கிடைத்திருந்தது: இரண்டு நிரந்தரப் பணியிடங்கள், ஆய்வகம், ஒலிப்பதிவு அறை, மாணவர்களுக்கு உதவித்தொகை. எல்லாம் தலைமை வளாகத்தில். ஆரணியில் நிலையான இடம் அமையும் வரை, அடுத்த செமஸ்டர் முதல் படிப்பு வேலூரில் நடக்கும். ஒப்பந்த ஆசிரியரும் அங்கே மாற்றப்படுகிறார். திட்டம் தோற்றால் என்ன ஆகும் என்று மட்டுமே நான் யோசித்திருந்தேன். ஜெயித்தாலும் வேலூர்தான் என்பதற்கு என்னிடம் ஏற்பாடு எதுவும் இல்லை. பட்டு வியாபாரியிடம் போய், முகூர்த்த நிபந்தனையை மட்டும் விலக்கித் தர முடியுமா என்று கேட்டேன். அவர் காபி வரவழைத்தார். “வருஷத்துல அறுபது நாளு ஓடற எடம்மா இது. அதையும் குடுத்துட்டா நான் எதுக்கு மண்டபம் கட்டினேன்?” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அந்த வாரம் என் பழைய சக ஊழியர் ஒருத்தி போன் செய்தாள். செய்தி மேசையில் பக்கத்து நாற்காலி. ஓய்வுபெற்று வேலூரில் சொந்த வீட்டில் தனியாக இருந்தாள். நான் சொல்லி முடிப்பதற்குள், “மாடி காலியாத்தான்டி இருக்கு. வந்துடு. ராத்திரி சாப்பாட்டுக்கு யாராவது ஒருத்தர் எதிர்ல இருந்தா போதும்னு இருக்கு எனக்கு” என்றாள். நான் அன்றே சரி சொல்லிவிட்டேன். இரண்டு அட்டைப்பெட்டிகளில் புத்தகங்களைக்கூட அடுக்கத் தொடங்கினேன். எங்கே எந்த நாற்காலி என்று அவள் போனிலேயே ஏற்பாடு செய்தாள்.

மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய வேலை மிச்சமிருந்தது. இரண்டு பையன்களும் உடனே தலையாட்டினார்கள். பெண்களில் மூன்று பேர் வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். ஆறு பேர் எதுவும் சொல்லவில்லை. கலசப்பாக்கத்துப் பெண் மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவள் அம்மா தனியாக வந்தார்.

“டி.சி. வாங்கிகினு போலாம்னு வந்தேன் மேடம்.”

“ஒரு செமஸ்டர்தான் பாக்கி. முடிச்சிடட்டுமே.”

“நான் முதல் நாளே சொன்னனே. வேலூர்ல எனக்கு யாரும் இல்ல.” சுற்றிப் பார்த்தார். மேசைமேல் என் அட்டைப்பெட்டிகள் இருந்தன. “நீங்களும் காலி பண்ணிகினு போறீங்களா?”

“வேலையே அங்கதானே இனிமே.”

“வூடும் அங்கியேவா?”

“ஆமாம். தோழி வீடு.”

அவர் தலையசைத்தார். எழுந்து வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார். “நீங்க ஆரணிலயே இருந்துகினு தெனம் போய் வந்தீங்கன்னா நான் அனுப்புவேன். உங்க கூட போய், உங்க கூட வந்துடுவா. இங்க எறங்கனா அண்ணன் பாத்துக்கும். மத்தவங்க வூட்லயும் அனுப்புவாங்க, நான் கேட்டுட்டேன். ஆனா அதெல்லாம் நான் உங்கள எப்படிக் கேக்கறது? உங்களுக்கு அங்க சௌகரியம்.”

டி.சி. விண்ணப்பம் அடுத்த வாரம் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அன்று மாலை தோழிக்குப் போன் செய்து, ஜூன் வரை வர முடியாது என்றேன். அவள், “மாடியை எத்தனை நாள் சும்மா போட்டு வெக்கிறது?” என்றாள். கோபமில்லாமல்தான் கேட்டாள். பொங்கலுக்குப் பிறகு ஒரு நர்ஸ் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டாள். ஞாயிறுகளில் இப்போதும் பேசிக்கொள்கிறோம். பின்னணியில் அந்தக் குடும்பத்துக் குழந்தையின் சத்தம் கேட்கும். அவள் பாதிப் பேச்சில் அதைக் கூப்பிடுவாள்.

காலையில் ஆரணி பஸ் நிலையத்தில் ஏழு பெண்கள் காத்திருப்பார்கள். இரண்டு பேர் வராமலே நின்றுவிட்டார்கள். ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமானது, இன்னொருத்தியின் வீட்டில் போனை எடுக்கவில்லை. பஸ் வந்ததும் ஏழு பேரும் முன்பக்கம் மூன்று வரிசைகளைப் பிடித்துக்கொள்வார்கள். நான் இரண்டு வரிசை தள்ளிப் பின்னால். அது அவர்களாக விட்ட தூரம். முதல் வாரம் நான் பக்கத்தில் உட்கார்ந்தபோது கண்ணமங்கலம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் மாறி உட்கார்ந்த அன்று பஸ் கிளம்புவதற்குள்ளேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது எனக்குக் கேட்காது. எஞ்சின் சத்தம்.

வேலூரில் எனக்குத் தனி அறை கிடைத்தது. கதவில் துறையின் பெயர் மட்டும் இருந்தது. புதிதாக வந்த இரண்டு நிரந்தர ஆசிரியர்களும் இளைஞர்கள், கெட்டிக்காரர்கள், மரியாதையானவர்கள். வகுப்பு முடிந்ததும் அவர்கள் வளாகத்து டீக்கடையில் கூடுவார்கள். “மேடம், வாங்க” என்று கூப்பிடுவார்கள். நாலரை பஸ்ஸை விட்டால் அடுத்ததில் பெண்களுக்கு உட்கார இடம் கிடைக்காது, எனவே நான் போவதில்லை. சில மாதங்களில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். ஆரணியில் இறங்கியதும் பெண்கள் ஒவ்வொரு பக்கமாகப் பிரிந்துவிடுவார்கள். செருப்புக்கடைக்காரர் கடைக்குள்ளிருந்தே எனக்குத் தலையசைப்பார். கலசப்பாக்கத்துப் பெண் அடுத்த பஸ் ஏறியதும் அவள் அம்மா எனக்குப் போன் செய்வார். “ஏறிட்டாளா மேடம்?” “ஏறிட்டா.” “சரிங்க.” பெரும்பாலான நாட்களில் எனக்கு வரும் கடைசிப் போன் அதுதான்.

ஏழு பேரும் தேர்வு எழுதினார்கள். கலசப்பாக்கத்துப் பெண்ணுக்கு ஒரு நாளிதழின் திருவண்ணாமலைப் பதிப்பில் வேலை கிடைத்தது. இனிப்பு கொண்டுவந்து கொடுத்தாள். அவள் அம்மாவும் வந்திருந்தார்; சீக்கிரம் போக வேண்டும் என்று நின்றபடியே பேசிவிட்டுக் கிளம்பினார். ஜூன் வந்தது. ஒப்பந்தத்தை இன்னொரு வருடம் நீட்டித்தார்கள். வேலூரிலேயே வீடு பார்க்கலாம் என்று வளாகத்துக்குப் பக்கத்தில் இரண்டு இடங்களைப் போய்ப் பார்த்தேன். ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. கிழக்குப் பார்த்த ஜன்னல், கீழே நூலகத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் சேர்க்கைப் பிரிவில் ஆள் இல்லாததால் விசாரணைத் தொலைபேசியில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். வந்தவாசியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். பெண் பி.ஏ. முடித்திருக்கிறாள், இதழியலுக்கு விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறாள் என்றார். தகுதி, கட்டணம், உதவித்தொகை எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

“இன்னொண்ணு கேக்கணுங்க. ஆரணிலருந்து யாரோ ஒரு மேடம் பொம்பள பசங்கள தெனம் பஸ்ல கூட்டிகினு போய், கூட்டிகினு வர்றாங்களாமே. எங்க சொந்தக்காரங்க சொன்னாங்க. ஆரணி வரைக்கும் நான் கொண்டாந்து வுட்டுடுவேன். அதுக்கு மேல அவங்க இருந்தாத்தான் அனுப்ப முடியும். அந்த மேடம் இந்த வருஷமும் வருவாங்களா?”

மேசையின் மறுபக்கம் ஒரு மாணவன் விண்ணப்பத்தோடு காத்துக்கொண்டிருந்தான். அவனிடம் உட்காரும்படி கை காட்டினேன்.

“வருவாங்க” என்றேன்.

“விசாரிச்சுச் சொல்றீங்களா, இல்ல நிச்சயமாவா?”

“நிச்சயமா வருவாங்க.”